எட்டு பைட்

உழவாரன் குருவிகளை ஏமாற்ற
நாலரை மணி நேரக் கத்தல் செய்து வைத்திருக்கிறேன்.
ஆணும் பெண்ணும் குஞ்சும் கலந்தது,
இடையிடையே இரண்டு நொடி மௌனம்.
மௌனம் வைக்காவிட்டால் அவை நம்புவதில்லை.

சரிக்கேயில் ஊய் தவுக்கே
மூன்று மாடிக் கான்கிரீட் வீடு கட்டி
சன்னல் வைக்காமல் விட்டிருக்கிறார், குருவிகளுக்காக.
விடிவதற்குள் சத்தம் வேண்டுமாம்.
எம்பி3 வேண்டாம், அழுத்தினால் குருவிக்குத் தெரிந்துவிடும் என்கிறார்.
ஆகவே 4.7 ஜிபி.

ஜெலுத்தோங் பிளாட்டின் பதினான்காம் மாடியிலிருந்து
அது கிளம்ப மறுக்கிறது.
ஒரு விழுக்காடு, நிற்கும்.
மறுபடி முதலிலிருந்து.
ஒரு விழுக்காடு.

இறங்குவதெல்லாம் இறங்குகிறது.
பக்கத்து பிளாக்காரன் அனுப்பிய சமையல் வீடியோ,
மின்சார பில், மழை எச்சரிக்கை.
'அனுப்பியாச்சா' என்று தவுக்கே கேட்பது வருகிறது.
'அனுப்பிக்கிட்டே இருக்கேன்' என்று நான் சொல்வதும் போகிறது.

கேபிளை மாற்றினேன்.
வைஃபையை விட்டு ஒயருக்கு வந்தேன்.
மீன்தொட்டி மோட்டாரைச் சந்தேகித்து அணைத்து
மீன்களிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி போட்டேன்.
ஃபாடிலா என்று பெயர் சொன்ன குரல்
ரூட்டரை அணைத்து முப்பது வரை எண்ணச் சொன்னது.
மலாயில்தான் ஆரம்பித்தேன்,
இருபத்தெட்டில் தமிழுக்கு வந்திருந்தேன்.
போன வாரம் கொம்தாரில் வாங்கிய புது ரூட்டர்.
பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன.
அதுதான் எரிச்சல்.

இரண்டே முக்காலுக்குக் கோகிலவாணி கூப்பிட்டாள்,
பாயான் லெப்பாஸில் அவளுக்கு இடைவேளை,
ரொட்டி மெல்லும் சத்தத்தோடு.

சின்னதெல்லாம் போவுதா?
போவுது.
பெரிசு?
போவல.
திருப்பி ஏதாச்சும் சொல்லுதா?
ஒண்ணும் சொல்லல.

அப்ப வழியில எங்கயோ ஒரு வாசல் குறுகலா இருக்கு.
பொட்டலம் முட்டுது.
பெரிசா இருக்குன்னு உனக்குச் சொல்லி அனுப்பணும் அது.
சொல்லாம கீழ போட்டுடுது.
பிங் அடிச்சுப் பாரு, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு.

அடித்தேன்.
1472 போகவில்லை.
1400 போனது.
1470, 1468, 1466 போகவில்லை.
1464 போனது.
1465 போகவில்லை.

தலைப்புக்கு இருபத்தெட்டைக் கூட்டிக்கொள் என்றாள்.
கூட்டினால் 1492.
ரூட்டரில் இருந்தது 1500.
மாலையிலிருந்து என்னை உட்காரவைத்தது எட்டு பைட்.
தமிழில் எழுதினால் இரண்டெழுத்து,
மூன்றாவது எழுத்து பாதியில் நிற்கும்.

மாற்றினேன். நகர்ந்தது.
எங்கள் லைனில் மேலேறும் வேகம் எப்போதும் நொண்டி,
ஆனாலும் இரண்டு, மூன்று, நான்கு.
போச்சு என்றேன்.
சரி, பெல் அடிச்சிட்டாங்க என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை.
போன மாதம் அவள் ஒன்று கேட்டாள்,
இந்த நைட் ஷிப்டை விட்டுவிடவா என்று.
நான் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வீட்டுக் கடனைக் கணக்குப் போட்டேன், வாய் திறக்கவில்லை.
பெரிசா இருக்குன்னாவது சொல்லியிருக்கலாம்.

ஆறே முக்கால். எழுபத்தொன்று.
கோப்பு எங்காவது கெட்டிருக்குமோ என்று
என் பிரதியைப் பால்கனி ஸ்பீக்கரில் ஓடவிட்டேன்.
பாலத்துப் பக்கம் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது.
முதலில் இரண்டு வந்தன.
பிறகு எண்ண முடியவில்லை,
துணிக் கம்புக்கு ஒரு முழத்தில் வெட்டித் திரும்பி,
என் மௌனத்தில் பதில் சொல்லி,
அடுத்த கத்தலுக்குக் காத்து.

ரூட்டர் இல்லாமலே போய்ச் சேர்ந்திருக்கிறது.

சட்டென்று அணைத்தேன்.
அவை இன்னும் மூன்று சுற்றுச் சுற்றின.
இங்கே வீடில்லை, சத்தம் மட்டும்தான் என்று
அவற்றுக்குச் சொல்லி அனுப்ப
என்னிடம் எந்த அளவிலும் ஒன்றுமில்லை.

லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம்.
எழுபத்திரண்டு.
கதவுச் சங்கிலியைக் கழற்ற எழுந்தேன்.